மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ்

மன்னிச்சுக்கோ யம்மா, நீ போன்ல பேசினது காதுல விழுந்துட்டு. ‘சாப்ட்டேம்மா, வச்சிரட்டுமா’ன்னு சொன்னேல்ல? அதைக் கேட்ட பொறவு பின் சீட்ல இருக்க முடியல எனக்கு. இந்த லோக்ரோன்யோ பஸ் ஸ்டாண்டுல எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கேன், நம்ம பேச்சு காதுல விழுந்ததே இல்ல. உக்காரட்டுமா? பையை எடுக்க வேண்டாம், நான் ஒடுங்கி உக்காந்துக்கிடுவேன்.

என் பேரு பெர்பெத்தம்மாள். ஊரு வேம்பார், தூத்துக்குடிக்கு வடக்க, கடக்கரை. இங்க பெர்பெத்துவாம்பாங்க. இங்கயும் அந்தப் பேரு உண்டாம், ஆனா கிழவிகளுக்குத்தானாம். போன்ல பேசுதவங்க எனக்கு எண்பது வயசுன்னு நெனச்சுக்கிடுவாங்க. நீ படிக்க வந்திருக்கியா? பில்பாவோலயா? நானும் அங்கதான் போறேன். ஒரு ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்ணுத வேலை. நாளைக்குச் சேரணும்.

இதுக்கு முன்னால அந்த வேலை இல்ல யம்மா. ஒரு பெரியவரைப் பாத்துக்கிட்டு இருந்தேன். டான் சிரிலோன்னு பேரு, டான்னா இங்க ஐயாங்குத மாதிரி. ஜன்னல் வழியா பாரு, செவப்பும் மஞ்சளுமா ஓடுதே, அத்தனையும் திராட்சை. நம்ம கம்பம் பக்கம் பந்தல் போட்டுத் தலைக்கு மேல தொங்குமே, அந்த மாதிரி இல்ல. முட்டு உசரத்துக்குக் கட்டை கட்டையா நிக்கும். பழசாக ஆகத்தான் மதிப்பாம். இந்தச் சீமைக்கு ரியோஹான்னு பேரு. அந்த மலை தெரியுதுல்லா, சாம்பக் கலர்ல, அதுக்கு அடியிலதான் அவர் ஊரு. வீடெல்லாம் கல்லு. ஒவ்வொரு வீட்டுக்குக் கீழயும் பாறையைக் குடைஞ்சு ஒரு நிலவறை வச்சிருப்பாங்க, ஒயினுக்காக. மனுஷன் மேல இருப்பான், ஒயின் கீழ இருக்கும்.

இந்தக் கதையை யார்ட்டயாவது சொல்லணும்னு இருக்கு. இங்கத்திப் பாஷையில சொன்னா என் வாய்ல அது வேற மாதிரி ஆயிருது. சாமியார்ட்ட சொல்லலாம்னா அவர் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தக்காரரு.

நான் இங்க வந்ததே கன்னியர் மடத்துல சமைக்கத்தான். அவங்களுக்கு இங்க ஒரு முதியோர் இல்லம் இருந்துச்சு. கடைசில கன்னியர்களுக்கே வயசாகி இல்லத்தை மூடிட்டாங்க. அப்பதான் டான் சிரிலோவோட மக மைத்தே ஆள் தேடிட்டு இருந்தாங்க. அவங்க மாட்ரிட்டுல வக்கீலு. அப்பா நிலவறைப் படியில விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் ஆகி, வீட்டுல தனியா. டாக்டர் இனிமே ஒயின் ஒரு சொட்டும் கூடாது, குடுக்குத மாத்திரைக்கு ஆகாதுன்னுட்டாராம். ஆனா அந்த ஊர்ல எந்தப் பொம்பளைய வேலைக்கு வச்சாலும் ரெண்டாம் நாளே அவருக்கு ஊத்திக் குடுத்துருவாளாம். பாவம், வயசாளின்னு.

என்னைக் கேட்டாங்க, “உனக்கு ஒயின் பழக்கம் உண்டா?”

எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நம்ம ஊர்ல ஒயின் ஷாப்புன்னு போர்டு இருக்கும், உள்ள ஒயினைத் தவிர எல்லாம் இருக்கும். அந்தக் கடை வாசல்லேர்ந்து எங்க வீட்டாளைத் தூக்கிட்டு வந்து தூக்கிட்டு வந்து என் தோளே இறங்கிப் போச்சு. கஸ்பார்னு பேரு. மீன் பிடிக்க வல்லம் வச்சிருந்தாரு. எஞ்சினைக் குடிச்சாரு. பொறவு வலையைக் குடிச்சாரு. கடைசில வல்லத்தையே குடிச்சாரு. ஒரு நாள் கதவைச் சாத்தித் தாப்பா போட்டேன். வெளிய நின்னு கூப்பிட்டாரு, திறக்கல. மழை பெஞ்சுது, அப்பவும் திறக்கல. மகளைக் கட்டிக் குடுத்த கையோட இங்க வந்துட்டேன்.

இதெல்லாம் மைத்தேட்ட சொன்னேன். அவங்க கண்ணுல தண்ணி வந்துட்டு. “எனக்கு உன்னை மாதிரி ஆள்தான் வேணும்”னு நிலவறைச் சாவியை என் கையில வச்சு விரலை மூடினாங்க.

சும்மா சொல்லக் கூடாது, நான் காவலுக்குக் குறையே வைக்கல. பக்கத்து வீட்டுக்காரரு ஒரு நாள் கோட்டுக்குள்ள பாட்டிலை ஒளிச்சு வச்சுக் கொண்டாந்தாரு. வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். பெரியவர் சத்தம் போடல, கெஞ்சல. சாப்பிடுததை மட்டும் விட்டுட்டாரு.

என்னென்னவோ செஞ்சு பாத்தேன் யம்மா. கொண்டைக்கடலை அவிச்சேன். அவங்க ஊர்ச் செய்முறையில உருளைக்கிழங்கும் காரமான சாசேஜும் போட்டுக் குழம்பு வச்சேன். நம்ம மீன் குழம்பு கூட வச்சேன். ரெண்டு கரண்டி எடுப்பாரு, தட்டைத் தள்ளிருவாரு. தை மாசக் குளிருக்குள்ள சட்டைக் காலர்ல ரெண்டு கழுத்து நுழையுத அளவுக்கு ஆயிட்டாரு. எனக்குப் பயம் வந்துட்டு. இவர் செத்துப் போனா பழி யாருக்கு? நான் இந்த நாட்டுல இருக்கதே அந்த வேலையை வச்சுத்தான். அவர் இல்லன்னா வேலை இல்ல, வேலை இல்லன்னா நான் இல்ல.

ஒரு மத்தியானம் ஜன்னலண்ட உக்காந்திருந்தாரு. வெளிய ஆளுங்க கொடி வெட்டிட்டு இருந்தாங்க. அவரோட தோட்டந்தான். கூலிக்கு வந்தவங்க. அதையே பாத்துக்கிட்டு, என் பக்கம் திரும்பாமச் சொன்னாரு:

“பெர்பெத்துவா, ஒயின் இல்லாத சாப்பாடு மாட்டுத் தீனி. நான் மாடு இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாரு.

நான் சாவியை எடுத்துக்கிட்டுக் கீழ போனேன். அந்தக் குளிரு இருக்கே, கல்லறைக்குள்ள இறங்குத மாதிரி. சுவரோட சுவரா பாட்டிலைப் படுக்க வச்சிருந்துச்சு, மேல தூசி விரல்கனம். சிலதுல தங்கக் கலர்ல கம்பி வலை சுத்தியிருந்துச்சு, பொடிமீன் வலை மாதிரி. முன்காலத்துல நல்ல பாட்டிலைக் காலி பண்ணிட்டு மட்டமானதை ஊத்தி வித்துருவாங்களாம், அதுக்காகப் போட்ட வலையாம். பொறவு அவர்தான் சொன்னாரு. அவர் தோட்டத்துப் பழமெல்லாம் ஆத்துக்கு அக்கரையில ஒரு கம்பெனிக்குப் போகும். அவங்க அதை மரப் பீப்பாயில வருஷக்கணக்கா வச்சு, பொறவு பாட்டில்லயும் வருஷக்கணக்காப் படுக்க வச்சுதான் விப்பாங்க. வருஷா வருஷம் இவருக்கு ஒரு பெட்டி அனுப்புவாங்க. ஊரு உலகத்துல பெரிய ஓட்டல்ல உக்காந்து பெரிய மனுஷங்க குடிக்குத ஒயின் அது. இவருக்கு அது வீட்டுச் சரக்கு.

ஒரு கிளாஸ் ஊத்தி மேசையில வச்சேன். கை நடுங்குச்சு. அவர் உடனே எடுக்கல. மூக்குக்கிட்ட கொண்டு போனாரு, வச்சாரு, மறுபடி கொண்டு போனாரு. “இது கோயிலுக்குப் பின்னால இருக்குத தோட்டம். எங்க அப்பா நட்டது”ன்னாரு. பொறவு ஒரு வாய் குடிச்சாரு. பொறவு ரொட்டியைப் பிச்சாரு. பொறவு, நம்ப மாட்ட, தட்டை வழிச்சுச் சாப்பிட்டாரு.

நான் அடுப்படியில நின்னு அழுதேன். சந்தோசமா பயமான்னு எனக்கே தெரியல.

பொறவு தினமும் மத்தியானம் சாப்பாட்டோட குடுத்தேன். ஒரு மாசத்துல எழுந்து நடந்தாரு. கம்பை ஊணிக்கிட்டுத் தோட்டம் வரைக்கும் போனாரு. பேச ஆரம்பிச்சாரு பாரு, எந்த வருஷம் ஆலங்கட்டி மழை விழுந்துச்சு, எந்த வருஷம் பனியில மொட்டு கருகிச்சு, எந்த வருஷத்துப் பாட்டிலை இப்பத் திறக்கக் கூடாது, எதை இன்னும் ஆறப் போடணும். நானும் எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டே சாப்பிடுவேன்.

நான் குடிக்க மாட்டேன் யம்மா. ருசி பாக்கணும்லா? பாட்டில் கெட்டுப் போயிருந்தா அந்த வயசான உசுருக்கு ஆகாதுல்லா? அதுக்காக ஒரு வாய். ஒரு வாய்னா ஒரு சின்ன கிளாஸ்ல பாதி. முதல்ல நாவப்பழம் தின்னா நாக்கு வறளும்லா, அப்படி இருந்துச்சு, துப்பிருவோமான்னு பாத்தேன். “பொறு”ன்னாரு அவர். பொறுத்தா, உள்ளேர்ந்து ஒரு வாசனை எழும்பி வருது. பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி, காஞ்ச அத்திப்பழம் மாதிரி, மழை பெஞ்ச மண்ணு மாதிரி. அது வந்து... அதைக் குடின்னு சொல்ல முடியாது. பூசையில சாமியார் குடிக்காரே, அது குடியா? சாப்பாட்டோட சேந்தது அது.

மைத்தே மாசம் ஒரு தடவை வருவாங்க. வர்ற அன்னைக்கு ஜன்னலெல்லாம் திறந்து விட்டுருவேன். பாட்டிலை மாவுப் பானைக்குப் பின்னால தள்ளிருவேன். பெரியவருக்குச் சோம்பு குடுத்து மெல்லச் சொல்லுவேன். அவரும் சின்னப் பிள்ளை மாதிரி மென்னுக்கிட்டு என்னைப் பாத்துக் கண்ணடிப்பாரு. நாங்க ரெண்டு பேரும் சேந்து அந்த வீட்டுல ஒரு களவு செஞ்சோம்னுதான் வச்சுக்கோயேன். ஆனா கெட்ட எண்ணத்துல இல்ல.

அப்பா வாசல் வரைக்கும் நடந்து வந்து நின்னதைப் பாத்ததும் மைத்தே என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. “எங்க அப்பாவை எனக்குத் திருப்பிக் குடுத்துட்ட. ஒயினை நிறுத்தினது எவ்வளவு நல்லதாப் போச்சு பாரு”ன்னாங்க. நான் என்ன சொல்ல? “ஆமா, கொஞ்சம் கண்டிப்பா இருக்கணும்”னேன். என் வாயாலதான் சொன்னேன் யம்மா. அடுத்த மாசம் சம்பளத்தைக் கூட்டினாங்க. அதுக்கு அடுத்த மாசம் செத்துப் போன அவங்க அம்மாவோட கோட்டைக் குடுத்தாங்க. இந்தா போட்டிருக்கேனே, இதுதான். நல்ல கம்பளி. வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். குளிரு.

அந்தச் சமயத்துலதான் எங்க வீட்டாளு வேற போன் மேல போன். ஈஸ்டர்லேர்ந்து குடியைத் தொடலையாம். மகளை விட்டுப் பேசச் சொல்லுதாரு. வேற ஒருத்தர் வல்லத்துல பங்குக்குப் போறாராம், ‘ஒரு தடவை நம்பிப் பாரு’ங்குதாரு. எவ நம்புவா? குடிச்ச வாயி பேசுதது எல்லாமே பொய்தான். எனக்குத் தெரியாதா? போனை வச்சிருவேன். வச்சிட்டுப் போய் மேசையை எடுத்து வைப்பேன், பெரியவர் காத்துக்கிட்டு இருப்பாருல்லா.

ஜூன் மாசம் வந்துச்சு. கொடி பூக்குத நேரம். பூவுன்னா கண்ணுக்கே தெரியாது, வாசனை மட்டும் வரும். அந்தத் தடவை வந்த மைத்தே சாப்பாட்டு மேசையில வச்சுச் சொன்னாங்க:

“அப்பா, இப்ப நீங்க நல்லா தேறிட்டீங்க. பிரயாணம் தாங்குவீங்கன்னு டாக்டரும் சொல்லிட்டாரு. மாட்ரிட்டுக்கு என்கூட வந்துருங்க. லிப்ட் இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல. இந்தப் படிக்கட்டு வீட்டுல உங்களை வச்சுக்கிட்டு எனக்கு நிம்மதியே இல்ல.”

பெரியவர் கரண்டியைக் கீழ வச்சாரு. வாயைத் திறந்தாரு. என்ன சொல்ல வந்தாருன்னு எனக்குத் தெரியும். ‘நான் எதனால தேறினேன்னு உனக்குத் தெரியுமா’ன்னு கேக்கத்தான் வந்தாரு. இந்த வீடும், இந்த மேசையும், கீழ கிடக்குத அந்தப் பாட்டிலும் இல்லன்னா நான் மறுபடி படுத்துருவேன்னு சொல்லத்தான் வந்தாரு. சொல்லியிருந்தா மைத்தே விட்டிருப்பாங்க. ஆனா என் வேலை போயிருக்கும்.

என்னைப் பாத்தாரு. நான் சிங்க்குல பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். தண்ணியைக் கொஞ்சம் வேகமாத் திறந்து விட்டேன்.

“சரி, உன் இஷ்டம்”னாரு.

அவ்வளவுதான். மறு வாரம் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கார்ல ஏறும்போது என் கையைப் பிடிச்சாரு. எனக்காக வாயை மூடின மனுஷன். கட்டின புருஷன் எனக்காக ஒரு நாள் வாயைக் கட்டல, பாத்துக்கோ.

மைத்தே என்னை அந்த வீட்டுலயே இருக்கச் சொன்னாங்க, வீட்டைப் பாத்துக்க. சம்பளமும் உண்டு. நான் இருந்தேன். தனியா சமைப்பேன், தனியா சாப்பிடுவேன். கீழ திறந்து வச்ச பாட்டில் இருந்துச்சு. திறந்தது கெட்டுப் போயிரும்லா? அதை முடிச்சேன். பொறவு... பொறவு வேற ஒண்ணும் திறந்தேன். சொல்லுததுல என்ன இருக்கு. அந்த மேசையில அது இல்லாம உக்கார முடியல.

ஆவணி கடைசில மைத்தே போன் பண்ணினாங்க. குரலே சரியில்ல. “அப்பா சாப்பிட மாட்டேங்காரு, பெர்பெத்துவா. பேச மாட்டேங்காரு. அங்க நீ என்ன செஞ்ச? வந்து எனக்குச் சொல்லிக் குடு.”

பஸ் ஏறிப் போனேன். ஏழாவது மாடி. பெரியவர் நாற்காலியில கிடந்தாரு, விரிச்சுப் போட்ட சட்டை மாதிரி. என்னைப் பாத்ததும் கேட்டாரு, “பழம் நிறம் மாறிட்டா?”

“மாறிட்டு, நல்லா கறுத்துட்டு”ன்னேன்.

“யாரு பறிப்பாங்க?”

அடுப்படிக்குப் போனேன். மைத்தேயைக் கூப்பிட்டு நிக்க வச்சுச் சொல்லிட்டேன். எல்லாத்தையும். சாவி, பாட்டில், மாவுப் பானை, சோம்பு எல்லாம்.

அவங்க நம்பல யம்மா! அதைத்தான் நான் எதிர்பாக்கல. என் தோள்ல கையை வச்சுச் சிரிச்சாங்க. “நீயா? குடிகாரனுக்குக் கதவைத் திறக்காதவ நீ. அந்த ஊரு உனக்குப் பிடிச்சுப் போச்சு, திரும்பப் போகணும்னு இருக்கு. அதுக்கு ஏன் இப்படி ஒரு பொய் சொல்லுத? பாவம்.” நான் மாதா மேல சத்தியம் பண்ணினேன். “போதும் பெர்பெத்துவா”ன்னுட்டாங்க. கொஞ்சம் கோபமாவே.

உண்மையைச் சொல்லி ஒருத்தர் நம்பலன்னா எப்படி இருக்கும் தெரியுமா? எனக்கு அது வரைக்கும் அப்படி நடந்ததே இல்ல.

அலமாரியில விருந்தாளிக்குன்னு ஒரு பாட்டில் வச்சிருந்தாங்க. எடுத்தேன். திறந்தேன். கிளாஸ்ல ஊத்தி, அடியைப் பிடிச்சு ரெண்டு சுத்து சுத்தி, மூக்குல வச்சு, ஒரு வாய் எடுத்து நிறுத்தி முழுங்கினேன். ரொட்டியைப் பிச்சு வாயில போட்டேன். மறுபடி குடிச்சேன். அவங்க கண்ணு முன்னாலயே காலி பண்ணினேன். எனக்குக் கை நடுங்கல. அதுதான் அவங்களுக்குப் பிடிபட்டுச்சுன்னு நெனைக்கேன். பழகின கை எப்படின்னு ஒயின் ஊர்ல பிறந்தவங்களுக்குத் தெரியாதா? அதுலயும் நான் செஞ்சது அப்படியே அவங்க அப்பா செய்யுத மாதிரி. யாருகூட உக்காந்து பழகினேன்னு கேக்க வேண்டியதே இல்ல.

அவங்க முகம் வெளுத்துட்டு. இன்னொரு கிளாஸ் எடுத்து ஊத்தி, அவங்களே கொண்டு போய் அப்பா முன்னால வச்சாங்க. பெரியவர் மோந்து பாத்து மூஞ்சியைச் சுளிச்சாரு. “இது நம்மது இல்ல”ன்னாரு. ஆனா குடிச்சாரு. கொஞ்ச நேரங் கழிச்சு, “ரொட்டி இருக்கா?”ன்னு கேட்டாரு.

மைத்தே அந்த ரொட்டியை வெட்டிக்கிட்டே அழுதாங்க.

டாக்டர்ட்ட பேசினாங்க. அவரு மாத்திரையை மாத்திக் குடுத்து, அளவோடன்னா குடுங்கன்னுட்டாரு. அறுவடைக்கு முன்னால அப்பாவை ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அவங்களும் லீவு போட்டு வந்து, கத்திரியும் கூடையுமா வரிசையில நின்னு பழம் வெட்டினாங்க. பெரியவர் தோட்டத்து ஓரத்துல நாற்காலி போட்டு உக்காந்து எல்லாரையும் விரட்டிட்டு இருந்தாரு. காஞ்ச திராட்சைக் குச்சியை எரிச்சு ஆட்டுக்கறி சுட்டோம். எல்லாம் நல்லாத்தான் முடிஞ்சுது.

அறுவடை முடிஞ்ச பொறவு மைத்தே என்னைக் கூப்பிட்டாங்க.

“ஒயின் குடுத்ததை நான் மன்னிச்சிருவேன், பெர்பெத்துவா. அது அவருக்கு நல்லதாக் கூட ஆயிட்டு. ஆனா மாசா மாசம் நான் உன்னைக் கட்டிப்பிடிச்சு நன்றி சொன்னேன். நீ அதை வாங்கிக்கிட்ட. நான் அவரைக் கூட்டிட்டுப் போகும்போதும் பாத்துக்கிட்டு நின்ன. அதை என்னால தாங்க முடியல. வேற ஆளைப் பாத்துட்டேன்.”

பெரியவர் எனக்காக எவ்வளவோ சொன்னாரு. அவங்க கேக்கல. ஆனா நல்ல மனுஷி யம்மா, இந்தப் பில்பாவோ வேலையை அவங்கதான் பிடிச்சுக் குடுத்தாங்க. இப்ப பஸ் ஸ்டாண்டுக்கு அவங்க கார்லதான் வந்தேன். பெட்டியை அவங்களே தூக்கி வச்சாங்க. கட்டிப்பிடிக்கல. பஸ் கிளம்பப் போகுத நேரத்துல படிக்கிட்ட வந்து கேட்டாங்க, “அப்பாவுக்கு எவ்வளவு குடுப்ப? புதுசா வர்றவட்ட சொல்லணும்.”

“மத்தியானம் சாப்பாட்டோட ஒரு கிளாஸ்”னேன்.

“ஒண்ணுதானா? அதுக்கு மேல இல்லையே?”

“ஒண்ணுதான்.”

தலையை ஆட்டிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாங்க.

ரெண்டு யம்மா. ரெண்டு குடுப்பேன். மலைக்குப் பின்னால வெயில் இறங்குத நேரம் சூப் வைப்பேன்லா, அப்ப இன்னொண்ணு. அந்த நேரம் எனக்கும் ஒண்ணு. பாரு, உன்கிட்டயும் இவ்வளவு நேரம் மத்தியானம் மத்தியானம்னுதான் சொல்லிக்கிட்டு வந்திருக்கேன். ஒண்ணுன்னா மருந்து மாதிரி இருக்கு. ரெண்டுன்னா குடின்னு ஆயிருதுல்லா. அவங்க முகத்தைப் பாத்துக்கிட்டு எனக்கு வாய் வரல.

போன் பண்ணிச் சொல்லலாம். சொல்லணும். இறங்கி, வேலையில சேந்து, ஒரு வாரம் போகட்டும்.

இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் புதுப் பொண்ணு சூப்பைக் கொண்டு வந்து வைப்பா. அவர் பக்கத்துல கிளாஸ் இருக்கான்னு பாப்பாரு. இருக்காது. ‘மத்தியானம் ஒண்ணுதான்னு பெர்பெத்துவா சொன்னாங்க’ம்பா. பேசாம கரண்டியை எடுப்பாரு. கேக்க மாட்டாரு யம்மா, நான் ஒண்ணுன்னு சொல்லியிருக்கேன்லா.